காயத்துக்குள் ஓடும் கரண்டு: டிரெஸ்ஸிங் ரூமில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையின் டிரெஸ்ஸிங் ரூமில் 19 வருஷமாகக் கட்டுப் போடுகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் காட்டு வேலைக்காரர்கள். பத்தமடைப் பக்கம் கோரை அறுக்கையில் கையைக் கிழித்துக்கொண்டவர், களக்காட்டில் வாழைத்தார் வெட்டும்போது அரிவாள் பட்டவர், திசையன்விளைப் பக்கத்துப் பனையேறி, அப்புறம் சர்க்கரைப் புண்ணோடு வருகிற பெரியவர்கள். ஒருநாள் அந்தப் பனையேறும் அண்ணாச்சிக்குக் கட்டு மாற்றும்போது பேச்சுவாக்கில், "உங்க காயத்துக்குள்ள இப்பவும் கரண்டு ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. அதைப் பாத்துத்தான் புதுத் தோல் வழி கண்டுபிடிச்சு வருது" என்றேன். அன்று தொடங்கிய கேள்விகள் இன்னும் நிற்கவில்லை. திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

உடம்புக்குள்ள கரண்டா? சும்மா சொல்லுதியளா சிஸ்டர்?

சும்மா இல்லை. வீட்டு ஒயரில் ஓடுவது எலக்ட்ரான். உடம்பில் ஓடுவது உப்பு. சோடியம், பொட்டாசியம், குளோரைடு என்று இரத்தத்திலும் செல்களைச் சுற்றியுள்ள நீரிலும் கரைந்து கிடக்கிற அயனிகள் ஒவ்வொன்றும் பிளஸ் அல்லது மைனஸ் மின்னேற்றத்தைச் சுமந்துகொண்டிருக்கின்றன. அவை ஒரு பக்கமாக நகர்ந்தால் அதுதான் கரண்டு.

ஈ.சி.ஜி. எடுக்கும்போது நெஞ்சில் ஒட்டுகிறார்களே, அந்தப் பட்டைகள் உடம்புக்குள் எதையும் செலுத்துவதில்லை. இதயத்தில் ஏற்கெனவே ஓடுகிற மின்சாரத்தை மேலிருந்து படிக்கின்றன. இதயம், நரம்பு என்றால் எல்லோரும் உடனே ஒப்புக்கொள்கிறார்கள். தோல் என்றதும்தான் சந்தேகம் வருகிறது.

தோலுக்கு எதுக்கு கரண்டு?

உப்பை உடம்புக்குள் தக்கவைக்கிற வேலையோடு கூடவே வருவது இது. மேல்தோலின் உயிருள்ள அடுக்கில் இருக்கிற செல்கள், வெளிப்பக்கம் உள்ள சோடியத்தை இழுத்து உள்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. செல்லுக்கும் செல்லுக்கும் நடுவில் உள்ள இடுக்குகள் இறுக்கமாக அடைபட்டிருப்பதால், உள்ளே போன சோடியம் வந்த வழியே சுலபமாகத் திரும்ப முடியாது. அதனால் தோலின் உள்பக்கம் பிளஸாகவும் வெளிப்பக்கம் மைனஸாகவும் ஆகிவிடுகிறது. மனிதத் தோலில் இந்த வித்தியாசம் இடத்துக்கு இடம் மாறி, ஏறக்குறைய 10 முதல் 60 மில்லிவோல்ட் வரை இருக்கிறது. ஒரு டார்ச் பேட்டரி 1,500 மில்லிவோல்ட்.

குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கரைக்கு உள்பக்கம் தண்ணீர் மட்டம் உயரத்தில், வெளிப்பக்கம் வயல் தாழ்வில். கரை உறுதியாக இருக்கிறவரை தண்ணீர் அசையாமல் நிற்கும். நல்ல தோல் அப்படித்தான். வித்தியாசம் இருக்கிறது, ஓட்டம் இல்லை.

சரி, காயம் பட்டதும் என்ன ஆகுது?

கரை உடைகிறது. 2023 டிசம்பர் மழையில் நம் பக்கம் குளங்கள் உடைந்ததைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். உடைப்பு ஒரே இடத்தில்தான். ஆனால் சுற்றியிருக்கிற தண்ணீரெல்லாம் அந்த இடத்தைப் பார்த்துத் திரும்பிவிடும். அந்த நேரம் குளத்தில் ஒரு வைக்கோல் துரும்பைப் போட்டால், எந்த மூலையில் போட்டாலும் அது உடைப்பு இருக்கிற திசையைக் காட்டும்.

தோலிலும் இதுவே நடக்கிறது. வெட்டுப்பட்ட இடத்தில் தடுப்பு போய்விட்டது. காயத்தைச் சுற்றியுள்ள நல்ல தோல் மட்டும் வழக்கம்போல் சோடியத்தை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறது. உள்ளே சேர்ந்த பிளஸ் அயனிகள் நாலாபக்கமிருந்தும் காயத்தை நோக்கி ஓடி, அந்தத் திறப்பு வழியாக வெளியே வருகின்றன. இப்படித்தான் காயத்தின் விளிம்பில், தோலுக்கு இணையாகக் கிடைமட்டத்தில் ஒரு மின்புலம் உண்டாகிறது. காயத்தின் நடுப்பகுதி மைனஸ் முனை. 1982-இல் கினிப்பன்றியின் தோலில் பார்க்கர், ஜாஃப், வானபிள் என்ற மூவரும் அளந்தபோது, விளிம்புக்குப் பக்கத்தில் மில்லிமீட்டருக்கு சுமார் 140 மில்லிவோல்ட் இருந்தது. விளிம்பை விட்டுத் தள்ளிப் போகப் போக இது வேகமாகக் குறைந்துவிடும்.

மில்லிவோல்ட்டுன்னா ரொம்பக் கம்மியாச்சே. அது என்ன செஞ்சிரும்?

கம்மிதான், ஆனால் எவ்வளவு தூரத்துக்குள் அந்த வித்தியாசம் இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். தோல் செல் ஒன்றின் அகலம் 30 மைக்ரான் என்று வைத்தால், அதாவது ஒரு மில்லிமீட்டரில் முப்பத்துமூன்றில் ஒரு பங்கு, அதன் ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் நடுவில் வருகிற வித்தியாசம் சுமார் 4 மில்லிவோல்ட். ஒரு செல்லுக்கு அது போதும்.

இன்னொன்று, கரண்டு செல்லைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதில்லை. நடக்கிற தெம்பு செல்லுக்கே இருக்கிறது. கரண்டு திசையைக் காட்டுகிறது, அவ்வளவுதான். இருட்டில் போகிறவருக்குத் தெருக்கோடி விளக்கு மாதிரி.

செல்லுக்குக் காலா இருக்கு, நடந்து போறதுக்கு?

கால் இல்லை, ஆனால் கால் மாதிரி ஒன்றை வேண்டும்போது செய்துகொள்கிறது. போக வேண்டிய பக்கத்தில் செல்லின் விளிம்பு தோசை மாவு பரவுவது போல மெல்லிசாக விரியும். அதற்குள் ஆக்டின் என்ற புரோட்டீன் இழைகள் வளர்ந்து விளிம்பை முன்னால் தள்ளும். முன்பகுதி தரையைப் பற்றிக்கொள்ளும், பின்பகுதி பிடியை விட்டுச் சுருங்கி முன்னால் வரும். மறுபடியும் இதே வேலை.

வேகம் நிமிஷத்துக்கு ஒரு மைக்ரான் அளவில் இருக்கும். ஒரு மணி நேரம் விடாமல் நடந்தாலும் ஒரு மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்குதான் தாண்டும். இவ்வளவு மெதுவாகப் போகிற ஒன்றுக்குத் திசை தப்பினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஒரு நாள் முழுக்க நடந்தது வீண்.

ஆறுகிற காயத்தின் ஓரத்தை உற்றுப் பாருங்கள். சிவப்புச் சதைக்கும் பழைய தோலுக்கும் நடுவில் முத்து நிறத்தில், லேசான ரோஸ் கலந்து, நூல் மாதிரி ஒரு வரம்பு தெரியும். அதுதான் நடந்து வருகிற செல்கள். கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் நான் முதலில் தேடுவது அந்த வரம்பைத்தான்.

எந்தப் பக்கம் போகணும்னு அதுக்கு எப்படித் தெரியுது?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் முக்கூடலிலிருந்து வந்த பீடி சுற்றுகிற அக்கா. என்னிடம் கேட்கப்பட்டதிலேயே நல்ல கேள்வி என்பேன். செல்லின் மேலுறையில் பல புரோட்டீன்கள் பதிந்திருக்கின்றன. அவை ஆணியடித்தது போல் நிற்பவை அல்ல, எண்ணெய் மேல் மிதக்கிற இலை மாதிரி நகரக்கூடியவை. அவற்றிலும் மின்னேற்றம் உண்டு. மின்புலம் வந்ததும் சில புரோட்டீன்கள் ஒரு பக்கமாக ஒதுங்குகின்றன. வளர்ச்சிச் சேதியை வாங்குகிற ஏற்பிகள் மைனஸ் முனையைப் பார்த்த பக்கம் கூடுவதைத் தோல் செல்களில் பார்த்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் ஏற்பி கூடியதோ அந்தப் பக்கம் உள்ளே சமிக்ஞை பலமாகும். அந்தப் பக்கம் ஆக்டின் வளரும், முன் கேள்வியில் சொன்ன விரிப்பு அங்கே உண்டாகும்.

மின் சோ (Min Zhao) என்ற ஆராய்ச்சியாளரின் தலைமையிலான குழு 2006-இல் நேச்சர் இதழில் இதைப் பற்றி எழுதியது. செல்லுக்குள் பி.ஐ.3 கைனேஸ் என்ற நொதிக்கு இதில் முக்கியப் பங்கு. அதற்குரிய ஜீனைக் கெடுத்தால் மின்புலத்தைப் பார்த்து நடக்கிற திறன் குறைகிறது. அதற்குக் கடிவாளம் போடுகிற பிடென் என்ற இன்னொன்றை எடுத்துவிட்டால் திறன் கூடுகிறது.

காயத்துக்கு வேறு வழிகாட்டிகளும் உண்டு. அடிபட்ட செல்கள் விடுகிற ரசாயனங்கள், பக்கத்தில் காலி இடம் இருப்பது, இப்படி. அந்த ஆராய்ச்சியில் கண்ணாடித் தட்டில் வளர்த்த செல் படலத்தில் ஒரு கீறல் போட்டு, மின்புலத்தை வேண்டுமென்றே தலைகீழாகக் கொடுத்துப் பார்த்தார்கள். காலி இடம் கண்ணெதிரே இருந்தும் செல்கள் அதை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் நடந்தன. காயம் மூடுவதற்குப் பதிலாக விரிந்தது. மற்ற வழிகாட்டிகள் ஒன்று சொல்ல, கரண்டு வேறொன்று சொன்னால், செல் கரண்டின் பேச்சைத்தான் கேட்கிறது. இதை முதன்முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

காயம் ஆறும்போது அரிக்குதே, அந்தக் கரண்டுதான் அரிக்குதா?

இல்லை. அரிப்பு நரம்பு வேலை. காயத்தில் சுரக்கிற ஹிஸ்டமின் போன்ற ரசாயனங்கள் நரம்பு நுனிகளைத் தூண்டுவதால் வருவது. சொறிந்துவிடாதீர்கள். மேலே சொன்ன அந்த முத்து வரம்பு நகம் பட்டாலே பிய்ந்துவிடும்.

இதெல்லாம் இப்ப கண்டுபிடிச்சதா?

ரொம்பப் பழையது. 1843-இல் ஜெர்மனியில் எமில் டு புவா-ரேமண்ட் என்ற உடலியல் அறிஞர், தன் விரலிலேயே ஒரு வெட்டைப் போட்டு, அதிலிருந்து வருகிற கரண்டை அளந்தார். சுமார் ஒரு மைக்ரோ ஆம்பியர். அதை அளக்க, மைல் கணக்கில் கம்பி சுற்றிய கால்வனோமீட்டரைத் தானே செய்தார். எடிசனின் பல்பு வருவதற்கு 36 வருஷம் முன்னால்!

அப்புறம் வெகுகாலம் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1974-இல் ஜாஃபும் நுச்சிட்டெல்லியும், நுணுக்கமாக அதிர்கிற ஒரு முனையை வைத்து, செல்லைத் தொடாமலேயே அதைச் சுற்றி ஓடும் கரண்டை அளக்கிற கருவியைச் செய்தார்கள். அதன்பிறகுதான் வேகம் பிடித்தது. 1980-இல் வந்த ஒரு ஆய்வு என் மனதில் நிற்கிறது. விரல் நுனி துண்டான சின்னப் பிள்ளைகளிடம் அந்த நுனியிலிருந்து வருகிற கரண்டை நாள்தோறும் அளந்தார்கள். அடிபட்டு எட்டு நாள் வாக்கில் அது உச்சத்துக்குப் போனது. மனிதத் தோல் செல்கள் மைனஸ் முனையைப் பார்த்து நடப்பதை 1996-இல் ஆய்வகத் தட்டில் காட்டினார்கள்.

காயத்தைக் காத்தாட விட்டாத்தான் ஆறும்னு எங்க ஆச்சி சொல்லுதாவ. நீங்க என்னடான்னா மூடி மூடி வைக்கியளே?

வாரத்துக்கு நாலு தடவையாவது இதைக் கேட்கிறேன். ஆச்சி சொன்னதில் அர்த்தம் இருந்தது. அழுக்குத் துணியால் இறுக்கிக் கட்டி, ஊறி நாறிப்போவதை விடக் காற்றில் விடுவது மேல்தான். ஆனால் சுத்தமான கட்டு கிடைக்கிற இந்தக் காலத்தில், காய விடுவது காயத்துக்கு நல்லதல்ல.

கரண்டு உப்புநீரில் ஓடுவது என்று முதல் பதிலிலேயே சொன்னேன். காயத்தின் மேல்பரப்பு காய்ந்து பக்கு கட்டினால், ஓட்டத்துக்கு வழி அடைபடும், விளிம்பில் இருக்கிற மின்புலம் படுத்துவிடும். செல்களுக்கும் காய்ந்த இடத்தில் நடக்க முடியாது. பக்குக்கு அடியில் ஈரம் இருக்கிற ஆழம் வரைக்கும் குடைந்து இறங்கி, சுற்றி வளைத்துத்தான் வர வேண்டும். 1962-இல் ஜார்ஜ் விண்டர் என்பவர் இளம் பன்றிகளின் மேலோட்டமான காயங்களில் பாதியைக் காற்றில் விட்டு, பாதியைப் பாலித்தீன் படலத்தால் மூடினார். மூடியவற்றில் புதுத் தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்தது.

ஈரம் என்றால் நனைந்து சொதசொதப்பது அல்ல. நாக்கைத் தொட்டால் இருக்குமே, அந்த அளவு ஈரம். வீட்டில் வெறும் காஸ் துணியை ஒட்டிவிட்டு மூன்றாம் நாள் வெடுக்கென்று பிடுங்குகிறார்கள். அந்தத் துணியைத் திருப்பிப் பார்த்தால் வெள்ளைச் சவ்வு போல் ஒட்டியிருக்கும். மூன்று நாள் நடந்து வந்த செல்கள் அவை. ஒட்டிக்கொண்டால் சலைன் ஊற்றி ஊறவிட்டு, ஓரத்திலிருந்து மெதுவாக எடுக்க வேண்டும்.

அப்ப மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு?

திறந்த காயத்தில் மூன்றும் வேண்டாம். சுண்ணாம்பு காரம், உயிருள்ள செல்லைச் சுட்டுவிடும். காப்பித்தூளும் கடை மஞ்சள்தூளும் ஈரத்தை உறிஞ்சிப் பக்கைக் கெட்டியாக்கும், அதோடு கிருமியையும் கொண்டுவரும். கிணற்றடிப்பூண்டை வெட்டுக்காயத்துக்குப் பிழிந்துவிடுவது நம் பக்கத்துப் பழக்கம், அதில் மருந்துக் குணம் இருக்கலாம். ஆனால் வரப்போரத்தில் பறித்த இலையோடு மண்ணும் வரும், மண்ணில் டெட்டனஸ் இருக்கும். ஓடுகிற குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவி, சுத்தத் துணியால் மூடிக்கொண்டு வாருங்கள்.

எனக்குச் சுகர் இருக்கு. வயசும் எழுபது. எனக்குக் கரண்டு கம்மியா இருக்குமோ?

இருக்கும் என்றுதான் அளவீடுகள் காட்டுகின்றன. 2011-இல் வந்த ஓர் ஆய்வில், 65-க்கு மேற்பட்டவர்களின் சிறு காயத்தில் மின்புலம் 18 முதல் 25 வயதுக்காரர்களுக்கு இருந்ததில் பாதி அளவே இருந்தது. சர்க்கரை நோயுள்ள எலிகளின் கருவிழிக் காயத்திலும் மின் சமிக்ஞை பலவீனமாக இருப்பதை 2016-இல் கண்டார்கள்.

ஆனால் அண்ணாச்சி, உங்கள் கால் புண் ஆறாததற்குக் கரண்டை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. இரத்த ஓட்டம் குறைந்திருக்கும், உணர்ச்சி மரத்துப்போயிருக்கும், செருப்புக் கடித்தது தெரியாமலேயே நடந்திருப்பீர்கள், கிருமி சுலபமாகக் குடியேறியிருக்கும். வழிகாட்டி விளக்கு மங்கல், சாலையும் மோசம், நடக்கிறவருக்குச் சாப்பாடும் இல்லை என்கிற நிலை அது. இரண்டு வாரத்தில் விளிம்பு கொஞ்சமும் நகரவில்லை என்றால் வீட்டில் இருக்காதீர்கள். விரலோடு போவதைக் காலோடு போக விட்டவர்கள் எத்தனையோ பேருக்கு இந்தக் கையால் கட்டுப் போட்டிருக்கிறேன்.

அப்ப ஒரு பேட்டரியை வச்சுக் கட்டிட்டா சீக்கிரம் ஆறிருமே?

தயவுசெய்து செய்யாதீர்கள். கணக்கு வேறு மாதிரி ஆகிவிடும். ஒயரை நேராகக் காயத்தில் வைத்தால், உப்புநீரில் ஒரு முனையில் அமிலமும் மறு முனையில் காரமும் உண்டாகி, சதை வெந்துவிடும். முனையை மாற்றி வைத்துவிட்டால், தலைகீழ் மின்புலத்தில் செல்கள் என்ன செய்தன என்று மேலே சொன்னேன். சுவரில் இருக்கிற 230 வோல்ட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். அது நொடிக்கு 50 தடவை போய்த் திரும்புகிற கரண்டு, திசையே இல்லாதது, ஆளைக் கொன்றுவிடும்.

ஆஸ்பத்திரியில அதுக்குன்னு மெஷின் இருக்காமே?

இருக்கிறது. நாட்பட்ட புண்களுக்கு, முக்கியமாகப் படுக்கைப் புண்களுக்கு, அளந்த கரண்டைத் துடிப்புத் துடிப்பாகக் கொடுக்கிற சிகிச்சை நெடுநாளாக உண்டு. அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு 2002-இல் இதை ஏற்றுக்கொண்டது. ஆனால் வழக்கமான சிகிச்சையை 30 நாள் செய்தும் முன்னேற்றம் இல்லாவிட்டால்தான், அதுவும் பயிற்சி பெற்றவர் கையால்தான் என்று நிபந்தனை வைத்தது. புண்ணில் புற்றுநோய் இருந்தாலோ, எலும்புவரை கிருமி போயிருந்தாலோ, பேஸ்மேக்கர் வைத்திருந்தாலோ இதைத் தவிர்ப்பார்கள்.

ஸ்வீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகமும் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2023-இல் வெளியிட்ட ஆய்வில், சிறு சில்லில் (சிப்) வளர்த்த தோல் செல்களின் காயம் மின்புலத்தில் சுமார் மூன்று மடங்கு வேகமாக மூடியது. அது ஆய்வகத்துச் செல். நம் ஊர்க் கால் புண்ணுக்கு வந்து சேர இன்னும் தூரம் இருக்கிறது. முதலில் சுத்தம், இரத்த ஓட்டம், சர்க்கரைக் கட்டுப்பாடு. இவை இல்லாத இடத்தில் மெஷினை வைத்துப் பயனில்லை.

நடுவுல மைனஸ்னு சொன்னீங்க. அப்ப எல்லாச் செல்லும் மைனஸைப் பாத்துத்தான் போகுமா?

பாளையங்கோட்டையில் நர்சிங் படிக்கிற ஒரு பெண் கேட்டது. போகாது. மேல்தோல் செல்லும் கருவிழி மேற்செல்லும் மைனஸைப் பார்த்துப் போகும். தொப்புள்கொடிச் சிரையின் உள்சுவர்ச் செல்கள் பிளஸ் பக்கம் போகும். மீனின் செதிலிலிருந்து எடுத்த செல் மைனஸ் பக்கம் போகிறது. அதிலிருந்து பிய்ந்த, உட்கருவே இல்லாத ஒரு துண்டு பிளஸ் பக்கம் போகிறது! ஒரே செல், அதன் துண்டு, எதிரெதிர் திசை. திசையைப் படிக்கிற அமைப்பு செல்லுக்குள் ஒன்றுக்கு மேல் இருக்கிறது, எது ஓங்குகிறதோ அது முடிவு செய்கிறது என்று இதிலிருந்து புரிந்துகொள்கிறார்கள். மெஷினில் எந்த முனையை எப்போது எங்கே வைப்பது என்பது இன்றும் விவாதமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆறினப்புறம் அந்தக் கரண்டு எங்க போகும்? யாரு சுவிட்சை நிறுத்துவா?

சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு வந்த ஏழாம் வகுப்புப் பையன் கேட்டான். யாரும் நிறுத்த வேண்டாம். நாலு பக்கமிருந்தும் வருகிற செல்கள் நடுவில் ஒன்றையொன்று தொட்டதும் நடப்பதை விட்டுவிட்டு, ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. இடுக்குகள் மறுபடியும் அடைபடுகின்றன. உடைந்த கரையைக் கட்டியாயிற்று, தண்ணீர் நிற்கிறது. உள்பக்கம் பிளஸ், வெளிப்பக்கம் மைனஸ் என்ற பழைய நிலை திரும்புகிறது. திறப்பு இருக்கிறவரைதான் ஓட்டம், ஓட்டம் இருக்கிறவரைதான் திசை.

அந்தப் பையனுக்கு அன்று கட்டைப் பிரித்துக் காட்டினேன். ஓரங்களிலிருந்து வந்த ரோஸ் நிற வரம்பு எல்லாப் பக்கமும் நெருங்கி வந்து, நடுவில் ஒரு மிளகு அளவு இடம் மட்டும் சிவப்பாகப் பாக்கி இருந்தது. "அந்த மிளகுக்குள்ள மட்டுந்தான் இப்ப கரண்டு ஓடுது" என்றேன். குனிந்து காதை வைத்துக் கேட்டுப் பார்த்தான்.